டைல்ஸில் எழுதியது

தொண்டையில் கட்டி என்று டாக்டர்கள் குரல்வளையையே எடுத்துவிட்ட பிறகு, பரமானந்தம் கழுத்தில் ஒரு மார்க்கர் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். வழவழப்பாக எது கண்ணில் பட்டாலும் அதில் பேசினார். பிரிட்ஜ் கதவில் காபி கேட்டார், பீரோவில் சட்டை கேட்டார், அடுப்படி டைல்ஸில் சண்டை போட்டார். கத்த வேண்டுமென்றால் அடியில் கோடு போடுவார். மனைவி கமலவேணி படித்துவிட்டு முந்தானையால் துடைப்பாள். இன்று காலை, ரசத்தில் உப்பில்லை என்று எழுதியதை மட்டும் படிக்காமலே துடைத்துவிட்டாள். கண்ணாடி டம்ளரை விட்டெறிந்துவிட்டுக் குளிக்கப் போனவர், கதவைத் தாழிட்டுத் திரும்பியதும் வழுக்கி விழுந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. தாழ்ப்பாள் எட்டவில்லை. கைக்குக் கிடைத்த சொம்பால் கதவை ஓங்கி அடித்தார்.

"இன்னும் ஆத்திரம் தீரலையா?" என்றாள் கமலவேணி, வெளியிலிருந்து.

மறுபடியும் அடித்தார்.

"நல்லா உடைங்க. டம்ளர் போச்சு, கதவும் போகட்டும்."

அடிக்க அடிக்க அவளுக்குக் கோபம்தான் கேட்கிறது. சொம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் கதவருகே இறங்கி வந்தது.

"உப்புப் போட்டு வச்சிருக்கேங்க. இன்னும் என் மேல கோவமா?"

கழுத்தில் தொங்கிய பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, ஈரமில்லாத ஒரு டைல்ஸில் 'கோபமில்லை' என்று எழுதினார்.

"சரி, பேச வேண்டாம். நான் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்."

பரமானந்தம் அடியில் ஒரு கோடு போட்டார். வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இன்னொரு கோடு போட்டார்.