மருதாயியின் முட்டி

“பைலை மூடிராதீங்கம்மா! இன்னும் நாலு வாரம் வர்றேன்.”

புதன்கிழமைதோறும் போடியிலிருந்து குரங்கணிக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கும் பவித்ரா, பேனாவைக் கீழே வைத்தாள். எதிரே மருதாயி இருப்புக்கொள்ளாமல் நின்றாள். நாற்பது வயதிருக்கும். மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள்.

வெளியே போடிக்குத் திரும்பும் ஜீப்பு ஹாரன் அடித்தது.

“அக்கா, மொத வாரம் காலைத் தொடவே விடல நீங்க. இன்னைக்குக் குத்தவச்சு எந்திரிச்சீங்க, ஒத்தக் கால்ல நின்னீங்க. குணமானவங்களை அனுப்பிட்டு அடுத்த ஆளைச் சேக்கணும். அதுதான் விதி.”

“சரிம்மா. அந்த ரப்பர் பட்டைய மட்டும் இன்னொருக்கா காட்டுங்க. குதிகால்ல மாட்டணுமா, முன்பாதத்துலயா?”

பவித்ராவுக்கு எரிச்சலாக வந்தது. எட்டு வாரமாக இதே தொல்லை. எத்தனை தடவை மடக்க, வீங்கினால் என்ன செய்ய என்று குடைந்துகொண்டே இருப்பாள். ‘வலிக்குதா?’ என்று கேட்டால் மட்டும் யோசித்துத்தான் பதில் வரும்.

“முன்பாதம். வெரசா கையெழுத்துப் போடுங்கக்கா, ஜீப்பு கெளம்பிரும்.”

மருதாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “வீட்டுக்கே வந்து பாப்பீகன்னு போர்டுல போட்டிருக்கே?”

“நடக்க முடியாதவங்களுக்கு. அதுவும் ஜீப்பு போற ஊருக்கு மட்டுந்தான். உங்க ஊருக்குப் பாதையே இல்ல. அங்கருந்து ரெண்டு மணி நேரம் செங்குத்தா எறங்கணும்...”

சொல்லும்போதே பவித்ராவுக்கு உறைத்தது. “அக்கா, மடக்க முடியாத காலோட மொத வாரம் எப்படி எறங்கி வந்தீங்க?”

மருதாயி செல்போனை எடுத்து நீட்டினாள். திரையில் தாடி வளர்ந்த ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து, பல்லைக் கடித்தபடி வலது காலை மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டிருந்தார். “மூச்சை அடக்காதீங்க. பத்து எண்ணுங்க” என்று அதட்டியது மருதாயியின் குரல்.

“எனக்கு முட்டி வலிச்சதே இல்லம்மா” என்றாள். “நேர்ல வராத ஆளுக்கு வைத்தியம் கெடையாதுன்னாக. மரத்துலருந்து விழுந்து கெடந்த எங்க வீட்டுக்காரரு, நேத்துத்தான் ஒரு எட்டு எடுத்து வச்சாரு.”