எட்டு ஊதுகுழாய்

தேயிலை சலிக்கும் அறையில் தூசியை வெளியே இழுக்கும் ஃபேன் வேண்டுமென்று குமுதா ஆறு வருஷமாக மனு கொடுத்தாள். எஸ்டேட் துரை ஒருவழியாக மசிந்து, தானா ராத்தா டவுனிலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்தார். அறையில் வேலை செய்யும் எட்டுப் பெண்களுக்கும் மூச்சின் பலத்தை அளக்கும் ஊதுகுழாய் ஆளுக்கொன்று கொடுத்தாள் நர்ஸ்.

“வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் ஊதுங்க. முள்ளு காட்டுற நம்பரை அட்டையில எழுதுங்க. நம்பர் குறைவா இருந்தா ஃபேன் போட்டுருவாங்க.”

வாரம் முடிந்து, எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சின்னையா சிரித்துக்கொண்டே வந்தார்.

“எட்டு பேருக்கும் தங்கமான நுரையீரல் லா! பந்து விளையாடுற பையனுக்குக்கூட இவ்வளவு மூச்சு இல்லையாம். ஃபேன் தேவையில்லன்னு துரை கையெழுத்துப் போட்டுட்டாரு.”

வாயைத் திறந்த குமுதாவுக்கு இருமல்தான் வந்தது. கிராணி போனதும் மற்றவர்கள் மேல் பாய்ந்தாள்.

“பொய் நம்பரா எழுதுனீங்க? மூச்சு கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிருவான்னு அவ்வளவு பயமா? உங்களால என் ஆறு வருஷம் போச்சுடி!”

போன மாதம் சேர்ந்த விக்னேஸ்வரி மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, ‘எனக்கு மட்டும் நீ ஊதிக் குடு, ஃபேன் வர்றதுக்கு மத்தவங்க நம்பர் போதும்’னு முதல் நாளே குழாயைக் குடுத்தது நீங்கதானே? உங்களுக்குப் பின்னாடி ஆறு பேர் வந்து அதையேதான் சொன்னாங்க.”