மூன்று விரற்கடை

"ஒரு வாளித் தண்ணி கிடைக்குமா?"

குடிக்க யாரும் வாளியில் கேட்பதில்லை. மரக்கடைக்காரர் ஜீப்பின் பின் சக்கரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

ஜீப் வாங்க வந்திருந்த கொத்தனார் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, வீட்டை ஒட்டிய கடை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் நின்றிருந்தார்.

அந்தப் பழைய ஜீப்பின் அடிச்சட்டமான சேசிஸ் ஒட்டுப்போட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு அளவுக்கு மேல் மரம் ஏற்றியதில் வலப்பக்கச் சட்டம் முறிந்துபோனது. வெல்டிங் வைத்தவன் கெட்டியாகத்தான் வைத்தான், நேராக வைக்கவில்லை. அன்றிலிருந்து முன் சக்கரம் போகிற வழியில் பின் சக்கரம் போகாது. சண்டை போட்ட மருமகள் மாதிரி கொஞ்சம் ஒதுங்கியே வரும்.

நேற்றுதான் ஒட்டின் மேல் கறுப்புப் பெயிண்டை இரண்டு கை அடித்து மறைத்திருந்தார். சக்கரத்தை நனைத்து ஓட்டிப் பார்க்கிறவனிடம் பெயிண்ட் என்ன செய்யும்?

தரகர் வரும்போதே எச்சரித்திருந்தார். இந்த ஆள் முப்பது ஜீப்புக்கு மேல் பார்த்துவிட்டாராம். தங்கமான வண்டியையெல்லாம் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுவாராம். மணல் சுமக்கப்போகிற வண்டிக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கிறார் என்று தரகருக்கு ஒரே அலுப்பு.

ஆனால் இன்றைக்கு விற்றே ஆக வேண்டும்.

ஒரே மகன் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அந்த வண்டி வாசலில் நிற்கிறவரை படியேற மாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டான். ஏன் என்று கேட்டால் வைத்துவிடுவான். பிள்ளையைவிட அப்பாவுக்கு வண்டி பெரிதாகிவிட்டது என்ற கோபமாக்கும் என்று இவரும் வீம்புக்கு வீம்பாக இருந்தார்.

போன வாரம் மனைவி தட்டை ஓசையெழ வைத்துவிட்டு, பெற்ற பிள்ளை வேண்டுமா, இரும்பு வேண்டுமா என்று கேட்டுவிட்டாள்.

அதனால்தான் இந்தத் தரகர், இந்தக் கொத்தனார், இந்த வாளி.

கொத்தனார் தண்ணீரைத் தரையில் பரப்பி ஊற்றினார். மரக்கடைக்காரர் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை ஆட்டாமல் அசைக்காமல், ஈரத்தின் மேல் மெதுவாக ஓட்டி, அப்பாலிருந்த காய்ந்த தரையில் கொண்டு போய் நிறுத்தினார். இறங்கிப் பார்க்கவே மனம் வரவில்லை.

தரையில் தடம் உள்ளது உள்ளபடி கிடந்தது. முன் டயரின் ஈரத்தை விட்டு வலப்பக்கமாக விலகி, பின் டயரின் ஈரம்.

கொத்தனார் குந்தி உட்கார்ந்தார். விலகலின் மேல் விரல்களை ஒட்டி வைத்தார். மூன்று விரல் சரியாகப் பொருந்தியது. எடுத்துவிட்டு இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் மூன்று.

தரகர் வானத்தைப் பார்த்தார்.

எழுந்து போகப்போகிறார் என்று மரக்கடைக்காரர் காத்திருந்தார். கொத்தனார் எழவில்லை. இது எத்தனை நாளாக இப்படி என்று மட்டும் கேட்டார்.

இனி மறைத்து என்ன பயன்? பன்னிரண்டு வருடம் என்று உண்மையைச் சொன்னார். சொன்ன கையோடு, போன மதிப்பைக் கொஞ்சமாவது தூக்கி நிறுத்த வேண்டுமே என்று அவசரமாக ஒன்றைச் சேர்த்தார்.

"ஆனா ஒரே கைங்க. என்னைத் தவிர ஒரு ஆள் இதை ஓட்டினதில்ல."

மகன் ஓட்டப் பழகியதே அதில்தான். இருந்தாலும் ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிற உலகத்தில், ஒரு பொய் சொல்லி வண்டி விற்றால் குடியா முழுகிவிடும்?

கொத்தனார் தலை நிமிர்ந்தார். முப்பது வண்டி பார்த்த அலுப்பு அந்த முகத்தில் இல்லை.

"ரெண்டு வருஷம் முந்தி, மழை விட்ட காலையில, மில்லுக்குப் போற மண் ரோட்டுல இந்தத் தடத்தைப் பார்த்தேன். வலது பக்கம், மூணு விரல். மறுபடி மழை பேஞ்சு அழிஞ்சுபோச்சு. அதுக்குள்ள நான் அளந்துட்டேன். தடத்துக்குப் பக்கத்துலதான் என் பொண்டாட்டி கிடந்தா."

தரகர் இரண்டடி பின்னால் போனார்.

மரக்கடைக்காரருக்கு அந்தக் காலை நினைவு வந்தது. வண்டியைக் கழுவி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மரத்தில் இடித்துவிட்டேன் என்றான் மகன். பம்பர் நெளிந்திருந்தது. கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று அவனை நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தார். அவன் அன்று சாப்பிடவே இல்லை. அந்த வாரமே வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். பிள்ளை வண்டிப் பக்கமே திரும்பாததைப் பார்த்தும், இவர் அன்று வருத்தப்பட்டதெல்லாம் பம்பருக்காக.

வெயிலில் தரை உலர்ந்துகொண்டிருந்தது. பின் டயரின் தடம் முதலில் மறைந்தது.

கொத்தனார் மறுபடி கேட்டார். குரல் உயரவில்லை.

"நீங்க மட்டும்தானே ஓட்டுவீங்க?"

அதே நேரத்தில் மனைவி போனும் கையுமாக வாசலுக்கு வந்தாள். இரண்டு வருடமாகப் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில்.

"என்னங்க, தம்பி பேசறான். வித்தாச்சான்னு கேக்கறான். வித்துட்டா நாளைக்கே வந்துடறானாம்!"

மரக்கடைக்காரர் சாவியைக் கொத்தனாரின் கையில் வைத்தார்.

"ஆமா. நான் மட்டும்தான்."

பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"வித்தாச்சுன்னு சொல்லு. ஆனா வர வேண்டாம்னு சொல்லிடு."