செவ்வாய்க்கிழமை ரத்தம்

செண்பகவல்லி தன் மருமகள் அனுசூயாவுக்குச் சிறுநீரகம் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. அடுத்த வருடமே மகன் ராஜவேல் அனுசூயாவை விவாகரத்து செய்துவிட்டான். ஆனாலும் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் மதுரை மருத்துவமனையில் அருகருகே படுத்தாக வேண்டும். இந்தப் புது வகைச் சிகிச்சையில் செண்பகவல்லியின் ரத்தம் குழாய் வழியாக நான்கு மணி நேரம் அனுசூயாவுக்குள் போய் வரும். அப்போதுதான் அவள் உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தன்னுடையது என்று நம்பும்.

இந்த முறை அனுசூயா கால் வீங்கி, காய்ச்சலோடு வந்திருந்தாள். பரிசோதித்த டாக்டர், "உடம்பு ஏத்துக்க மாட்டேங்குது. இனி வாரம் ரெண்டு தடவை வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வேண்டாம் அத்தை. நான் டயாலிசிஸுக்கே போயிடறேன். நீங்க இங்க வர்றதே உங்க மகனுக்குப் பிடிக்கல" என்றாள் அனுசூயா.

செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் கடுத்தது. வீட்டில் மகன் அவளிடம் பேசி மூன்று நாளாகிறது.

"வாரம் ரெண்டு தடவை பஸ் ஏறி இறங்க என்னால முடியாதும்மா."

"அதான் அத்தை சொல்றேன்."

"இங்க மதுரையில உன் வீட்டுல எனக்கு ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா?"

அனுசூயா அவள் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "கட்டில் இருக்கு. நீங்க அதுல படுங்க, நான் கீழ படுத்துக்கறேன்" என்றாள்.

"காய்ச்சக்காரியத் தரையில போட்டுட்டு நான் கட்டில்ல படுக்கவா? போடி கிறுக்கி" என்றபடி, ஊசியோடு நின்ற நர்ஸிடம் கையை நீட்டினாள் செண்பகவல்லி.