சின்ன வண்டி ஆடத்தான் செய்யும்

‘இழுவை வண்டி வந்து சேருவதற்குள் இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!’

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இகுயோ மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். அவளுடைய சின்னக் கார் மலைச்சாலையின் ஓரத்துக் கால்வாயில் முன்சக்கரங்களை இறக்கி, மூக்கைப் பனியில் புதைத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்துச் சீட்டில், வண்டியில் இருந்த ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு அவள் கணவர் தெத்சுரோ பேசிக்கொண்டே இருந்தார்.

“அந்த வளைவுல பிரேக்கைத் தொட்டிருக்கவே கூடாது.”

“ஆமாங்க. தொட்டிருக்கக் கூடாது.”

“பெரிய வண்டிங்க போன தடம் அகலமா இருக்கும். இது ஒடுக்கமான வண்டி. ஒரு பக்கச் சக்கரம் தடத்துல, இன்னொரு பக்கம் மேட்டுல. ஆடத்தான் செய்யும். ஆடிட்டுப் போகட்டும்னு விட்டுடணும். பயந்துபோய் ஸ்டியரிங்கை வெடுக்குனு திருப்பினா?”

“கால்வாய்தான்.”

“புரியுதில்ல? அதுதான் வேணும்.”

ஜப்பானின் அகிதா மலையடிவாரத்துக் கிராமத்தில் சாலைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர் தெத்சுரோ. இன்று காலை ஊர்ப் பொதுக்கூடத்தில் முதியவர்களுக்குப் பனிக்கால வகுப்பு எடுக்க வேண்டியவர். பின்சீட்டில் அவருடைய படச்சுருளும், டீயோடு பரிமாற இகுயோ நறுக்கிவைத்த புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயும் இருந்தன. காருக்கு அடியில் சங்கத்தின் மஞ்சள் கொடி ஒன்று கம்பத்தோடு சாய்ந்து கிடந்தது. ‘பனியில் நிதானம்’ என்று எழுதியிருந்ததில் ‘நிதானம்’ மட்டும் பம்பருக்குக் கீழே எட்டிப் பார்த்தது.

“டயர் புதுசுங்க. போன மாசம்தான் பட்டறைக்கார ஹதகேயாமா மாட்டிக் கொடுத்தாரு,” என்றாள் இகுயோ.

“டயர் புதுசா இருந்து என்ன பண்றது? வண்டிக்குள்ள இருக்கிற தலையில ஏதாவது இருக்கணும்.”

“அதுவும் சரிதாங்க.”

“இல்ல, உன்னைக் குத்திக்காட்டறதுக்காகச் சொல்லல. இப்படி ஒண்ணு நடந்ததும் ஒரு விதத்துல நல்லதுக்குத்தான். வகுப்புல உதாரணமா சொல்லலாம். ஒரு பெண்மணி, ஒரு சின்ன வண்டி, ஒரு வளைவுன்னு ஆரம்பிச்சா, எல்லாரும் கண்ணைத் திறந்துக்கிட்டுக் கேப்பாங்க. உன் பேரைச் சொல்ல மாட்டேன், கவலைப்படாதே.”

“உங்க பெரிய வண்டியிலேயே வந்திருக்கலாம்.”

“ரோடு சுத்தம் பண்றவங்க என் வண்டி முன்னால பனியை மலையாட்டம் தள்ளிட்டுப் போயிருக்காங்களே, அதை யாரு வெட்டறது? நீயும் வெட்டி வைக்கல.” பெருமூச்சு விட்டார். “நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன், இகுயோ. பனி கரைஞ்சதும் இந்த வண்டியை வித்துடலாம். இதெல்லாம் பனிக்கு லாயக்கில்லாத வண்டி. உனக்கும் வயசாகுது. எங்கே போகணுமோ சொல்லு, நான் கொண்டுபோய் விடறேன்.”

காலையும் மாலையும் இந்த வண்டியில்தான் அவள் பக்கத்து ஊரில் மிசோ என்கிற சோயா விழுது விற்கும் கடைக்கு வேலைக்குப் போய்வருகிறாள். வேலை பெரிதல்ல. போகிற வழிதான் பெரிது. அந்த வீட்டில் அவள் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடையாது. இந்தக் காருக்குத்தான் கதவு இருந்தது. உள்ளே ஏறிச் சாத்திக்கொண்டால் மலையும் பனியும் அவளும் மட்டும். சில நாள் சத்தமாகப் பாடுவாள். சில நாள் ஒன்றுமே நினைக்காமல் ஓட்டுவாள். அப்படி ஒன்றும் நினைக்காமல் இருக்க முடிந்தது என்பதே வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

இதற்கும் ‘சரிங்க’ என்று சொல்லிவிடுவேனோ? அவளுக்குத் தன் மேலேயே பயமாக இருந்தது. அந்தச் சொல் எந்நேரமும் நாக்கு நுனியில் தயாராக நின்றது. பழகிய நாய் வாசலில் நிற்பதைப் போல.

“இன்னொண்ணு,” என்றார் தெத்சுரோ. “ஹதகேயாமா வந்தா நீ விளக்கம் கொடுத்துக்கிட்டு இருக்காதே. நான் பேசிக்கறேன்.”

சங்கிலிச் சத்தத்தோடு இழுவை வண்டி வந்து நின்றது. பட்டறைக்காரர் ஹதகேயாமா இறங்கி வந்து, குனிந்து டயரைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், இகுயோவைப் பார்த்தார்.

“அக்கா, நீங்களா? புயல்லகூட இந்த வழியில பூ மாதிரி ஓட்டிட்டுப் போவீங்களே!”

“பூவும் ஒருநாள் உதிரும்ல!” தெத்சுரோ ஜன்னல் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். “சின்ன வண்டி, ஹதகேயாமா. பொம்பளைங்க பதட்டம். சட்டுனு இழுத்து விடுங்க, வகுப்புக்கு நேரமாச்சு.”

“இழுத்துடலாம் தலைவரே. ஆனா கொடிக்கம்பத்தோட சாலைக் கம்பமும் சாய்ஞ்சிருக்கே. போலீசுக்குச் சொல்லாம விட முடியாது.” அவர் போனில் விவரம் சொல்லிவிட்டு, அதைக் கையால் பொத்திக்கொண்டார். “யாரு ஓட்டினதுன்னு கேக்கறாங்க.”

தெத்சுரோவின் குரல் இதமாகிவிட்டது. பல வருஷங்களாக அவள் கேட்டிராத இதம்.

“கூச்சப்படாதே இகுயோ. தப்பே செய்யாத மனுஷங்க யாரு இருக்காங்க? ‘நான்தான்’னு ஒரு வார்த்தை சொல்லிடு. முடிஞ்சு போச்சு.”

இகுயோ ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

“அந்த வார்த்தை எனக்கு வரலைங்க,” என்றாள், கோபமே இல்லாமல்.

பிறகு ஹதகேயாமாவுக்குத் தெரியும்படி பூட்ஸ் காலை முன்னால் நீட்டிக் காட்டினாள். பிரேக் இன்னும் ஒரு சாண் தள்ளி இருந்தது. வண்டி கால்வாயில் இறங்கிய கையோடு அவளை இந்தப் பக்கம் மாற்றி உட்காரவைத்த தலைவர், தன் நீளக் காலுக்காகப் பின்னால் தள்ளிய சீட்டைத் திரும்ப முன்னால் இழுத்துவைக்க மறந்துவிட்டிருந்தார்.