புளியமரத்துத் துறை

"ராஜாராம் மாமா நம்ம நெல்லு மூட்டையெல்லாம் வண்டியில ஏத்தினு வடக்கால போறாரு, நைனா!"

மூத்த மகன் ஜோசப்ராஜ் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னதும், பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த தேவசகாயம் கடப்பாரையைத் தரையில் போட்டார்.

விடிந்தால் மகள் லூர்துமேரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் செஞ்சி டவுன்காரர்கள். "நகை நட்டு எதுவும் வேணாம். வர்றவங்களுக்கு வயிறாரச் சோறு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ரேஷன் கடையில் அரிசிக்கு அடிதடி நடந்த காலம் அது. சோறு போடுவதைவிடப் பெரிய சீர் எங்கே இருக்கிறது?

தேவசகாயத்திடம் நெல் இல்லாமல் இல்லை. அது இருந்த இடம்தான் வம்பு. அவர் வீடு ஓடைக்குத் தெற்கே. நிலம் வடக்கே, சிநேகிதர் ராஜாராமின் நிலத்தை ஒட்டி. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே களம், ராஜாராம் வீட்டு வாசலில். அடித்த நெல்லும் அங்கேயே கிடக்கும், வேண்டும்போது எடுத்து வருவார்கள். அந்த ஓடைதான் தென்னாற்காட்டுக்கும் வடஆற்காட்டுக்கும் எல்லை என்பது ஊரில் ஓர் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியாமல் இருந்தது. போன வாரம் தண்டோரா போட்டபிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நெல்மணி ஜில்லா தாண்டக்கூடாது, தாண்டினால் ஜெயில்.

"எங்க போறான்னு கேட்டியாடா?"

"கேட்டேன். 'வேலையப் பாத்துனு போடா'ன்றாரு. சேத்துப்பட்டு வியாபாரிக்கு விக்கறாருன்னு ஊரே பேசுது."

"அண்ணன் அப்படிச் செய்யறவரு இல்ல" என்றாள் மனைவி ஞானம். "அரிசி வரலன்னா கேவுரு களி கிண்டிடலாம். இருக்கற பஞ்சத்துல யாரும் தப்பா நெனக்கமாட்டாங்க."

"கல்யாணத்துல களியா? ஆட்டுக்கறிக் கொழம்ப வெச்சுனு களியா போடுவாங்க? என் பொண்ணு கல்யாணச் சோறு என் வாசல்லதான் வேகும். களத்துல மிச்சம் ஒரு மூட்டையாவது இருக்கும். பொழுது சாயட்டும், நானே தூக்கியாறேன்."

வீம்பு பிடித்தால் தேவசகாயத்தை யாராலும் அசைக்க முடியாது.

ஊர்த் துறையில் போலீஸ் காவல். ஆனால் ஓடையில் முழங்கால் அளவே தண்ணீர் உள்ள இன்னொரு துறை உண்டு. புளியமரத்துக்குப் பின்னால், தாழம்புதர் மறைவில். சின்ன வயதில் ராஜாராமும் அவரும் கண்டுபிடித்தது. மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. பொழுது சாய்ந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே போனார்.

"யாருய்யா அது?"

புளியமரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள்!

"மாட்டைத் தேடினு வந்தேனுங்க."

"மாடும் வேணாம், கன்னும் வேணாம். திரும்பிப் போ. இங்க ஒரு திருட்டுத் துறை இருக்குதுன்னு ஆள் வந்து சொல்லித்தான் எங்களை நிறுத்தியிருக்காங்க."

எந்த ஆள் என்று கேட்கவேண்டுமா? தேவசகாயம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "கூட இருந்தே குழி பறிச்சுட்டான்டி அந்தப் பாவி! இனி அவன் மொகத்துல முழிக்கமாட்டேன்" என்று கத்தினார். ஞானம் களிக்குக் கேழ்வரகை அளந்தாள்.

மறுநாள் காலை மகளின் கையைப் பிடித்து மாதா கோயிலுக்குள் அழைத்துப் போனார். பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தாலியை மாப்பிள்ளை கட்டினார். பெற்ற மனம் குளிர வேண்டிய நேரம், ஆனால் அவருக்கோ களியை எப்படிப் பரிமாறுவது என்ற கவலை.

வெளியே பேண்டு முழங்கியது. தெற்கே வீட்டுக்குத் திரும்ப வேண்டிய ஊர்வலம் வடக்கே ஓடைப்பக்கம் திரும்பியது.

"டேய், எங்கடா போறீங்க?" என்று பின்னாலேயே ஓடினார்.

ஓடைக்கு அக்கரையில் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றார் ராஜாராம். "வா மச்சான்! பேண்டுக்காரங்கள இப்படித் திருப்பச் சொன்னது நான்தான். நெல்லுதான் எல்லை தாண்டக்கூடாது. மனுசங்க தாண்டலாம், ஆபீஸ்ல கேட்டுட்டேன்!"

அவருக்குப் பின்னால் களம் முழுக்கப் பந்தல், வரிசையாக இலை, பாயில் கொட்டிய சோற்றிலிருந்து ஆவி. ராஜாராமின் மனைவி மங்கை அகப்பையும் கையுமாக நின்றாள். "எல்லாம் ஒங்க நெல்லுதாண்ணே. சேத்துப்பட்டு மிஷின்ல அரைச்சுனு வந்தாரு."

அவ்வளவுதான், செஞ்சிச் சம்பந்திகள் பட்டுவேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சிரிப்பும் கும்மாளமுமாக ஓடையில் இறங்கினார்கள். ஞானம் வீட்டிலிருந்து வரவழைத்த கறிக்குழம்பு அண்டாவோடு கரையில் நின்று, "கொழம்புக்குத் தடை இல்லியே?" என்று கத்தினாள்.

"தண்டோராவுல கொழம்பு வரலம்மா" என்றார் துறையில் காவல் நின்ற போலீஸ்காரர். முதல் பந்தியிலேயே அவருக்கும் ஓர் இலை விழுந்தது.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றார் தேவசகாயம்.

"சொன்னா 'என் வாசல்லதான் வேகணும்'னு நிப்ப. ஒன் வீம்பு எனக்குத் தெரியாதா?"

தேவசகாயத்துக்குக் கண் கலங்கியது. ராஜாராமின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடு மச்சான். புளியமரத்துத் துறைய நீதான் காட்டிக்குடுத்தேன்னு வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன்."

ராஜாராம் சோற்றுக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"சரியாத்தான் ஏசியிருக்க. நான்தான் போலீஸ்ல போய்ச் சொன்னேன். நீ மூட்டையோட திரும்பற வழியெல்லாம் போலீஸ் ஜீப்பு சுத்தினு இருந்துது. வெறுங்கையோட போறப்பவே ஒன்ன வெரட்டலன்னா, அங்க சிக்கி ஜெயிலுக்குப் போயிருப்ப. இன்னிக்கு லூர்து கையப் புடிச்சுக் கோயிலுக்குக் கூட்டினு போறது யாரு?"