ஊதுப்பா!

“ஊதுப்பா.”

“நேத்து நைட்டு அடிச்சது சார். இன்னா சார் நீ, வுட்ரு சார்.”

மெஷின் கீச்சென்று கத்தியது. கன்டெய்னர் லாரியை ஓரங்கட்ட வைத்தார் தளவாய். குடித்த டிரைவர் ஒருவனும் ஒரகடத்தில் அந்தத் தொழிற்சாலை கேட்டைத் தாண்டியதில்லை. முன்னாள் ராணுவக்காரர், மகா முசுடு.

அந்த முசுட்டின் எதிரில்தான் வக்கீல் பிரவீனா கொதித்துக்கொண்டிருந்தாள்.

“சாட்சி சொல்லப்போற நேரத்துல அப்பீல வாபஸ் வாங்குறதா? பைத்தியமா சார் உங்களுக்கு?”

“வேண்டாம் மேடம். விட்டுருங்க.”

மிலிட்டரி லாரி கவிழ்ந்து நசுங்கிய கால். ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு வருஷக்கணக்காக வழக்கு. நிற்க முடியவில்லை என்று இந்த செக்யூரிட்டி வேலையும் மாதக் கடைசியோடு போகிறது. இந்த லட்சணத்தில் வாபஸாம்!

டீ கேனோடு வந்த கேன்டீன் செல்வலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். அதே லாரியில் இருந்த அவள் கணவன் பிழைக்கவில்லை. ஒரே ஊர்க்காரர்கள், அவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே தளவாய்தான்.

“கிறுக்கா புடிச்சிருக்கு அண்ணே ஒங்களுக்கு? டூட்டில செத்தாருன்னு வார பென்ஷன்லதான எம்மவ நர்சிங் படிக்கா? ஒங்க பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாமாக்கும்? அவரு இருந்தா ஒங்கள சும்மா விடுவாரா?”

தளவாய் டீயைக் குடித்தார்.

தலையில் அடித்துக்கொண்டு அவள் போனாள்.

“அந்தம்மாவுக்கு இருக்கிற அறிவுகூட உங்களுக்கு இல்லையே!” பிரவீனாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “லாரி எப்படிக் கவிழ்ந்ததுன்னு கூண்டுல ஏறிச் சொன்னாப் போதும். உயிரோட இருக்கிற ஒரே சாட்சி நீங்கதான். கண்டிப்பா ஜெயிச்சுடலாம் சார்.”

“அதச் சொல்லக் கூடாதுன்னுதான் மேடம் வாபஸ்.”

“ஏன்? நீங்களா ஓட்டினீங்க?”

தளவாய் கேன்டீன் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது.

“ஓட்டுனது அவ புருஷன். மூக்கு முட்டக் குடிச்சிருந்தான். அது பென்ஷன் ஆபீசுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.”